துரையின் போத்தல், தாத்தாவின் மங்கு

போர்ட் கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஓர் எனாமல் மங்கு இருக்கிறது. விளிம்பின் நீலம் உதிர்ந்து, அடியில் துருவேறிப் போன மங்கு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா, பொழுது சாய்ந்ததும் கள்ளுக்கடைக்குக் கையோடு கொண்டுபோனது அதைத்தான். அவர் போய் எத்தனையோ வருசமாகிவிட்டது. அம்மா அந்த மங்கைத் தூக்கிப் போடவும் இல்லை, அதில் யாருக்கும் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததும் இல்லை.

போன தீபாவளிக்கு அக்காள் மகன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தபோது ஒரு போத்தல் ஜின் கொண்டுவந்தான். கோலாலம்பூரில் மது பரிமாறும் இடமொன்றில் அவனுக்கு வேலை. அதற்கென்று பாடம் படித்துத் தேறியவன். கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, "குடிக்க வேணாம் பாட்டி, சும்மா மோந்து மட்டும் பாருங்க" என்று அம்மாவிடம் நீட்டினான். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே முகர்ந்தார். பிறகு இன்னொரு முறை முகர்ந்தார்.

"கொத்தமல்லி வறுத்தாப்ல இருக்கு. எலுமிச்சத் தோலும் இருக்கு. அப்புறம் என்னமோ ஒரு வாசம், பச்சப் பலகைய இழைச்சாப்ல."

பையன் வாயடைத்துப் போனான். "பாட்டி, இத மோந்து சொல்ல எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு!"

அம்மாவுக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இதுல என்னென்ன போட்டிருக்குன்னு போத்தல்லயே எழுதியிருக்காங்களா?"

அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. இந்தத் துறைமுகத்தில் நூறு வருசத்துக்கு மேலாக மது இறங்கிக்கொண்டிருக்கிறது. யார் என்ன குடித்தார்கள் என்று எழுதப் பலர் உண்டு. தான் குடிப்பது என்னவென்று யாருக்குத் தெரிந்திருந்தது, யாருக்குத் தெரியாமல் போனது என்ற கணக்கை யாரும் எழுதியதாக நான் பார்த்ததில்லை.

சதுப்பும் கொய்னாவும்

1901 செப்டம்பர் 15 அன்று இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது இதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். ஆங்கில அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயர் அது. 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. சதுப்புக் காட்டை வெட்டிக் கட்டிய துறைமுகம். திறந்து இரண்டு மாதம்கூட ஓடவில்லை, மலேரியாக் காய்ச்சல் துறைமுகத்தையே மூட வைத்துவிட்டது. கூலியாட்கள், கப்பல் ஆட்கள், அதிகாரிகள் என்று ஒருவரையும் அது விடவில்லை.

அந்த ஆண்டுதான் மல்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்திருந்தார். கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் 1897-இல் கண்டுபிடித்து நான்கு வருசம்தான் ஆகியிருந்தது. வாட்சன் அதை நம்பினார். வடிகால் வெட்டி, கரை கட்டி, சதுப்பைத் தூர்க்கச் செய்தார். துறைமுகம் பிழைத்தது. தோட்டங்களில் தொழிலாளருக்குக் கொய்னா என்ற மலேரியா மருந்தைக் கொடுக்கும் ஏற்பாட்டையும் அவர் முன்னின்று நடத்தினார். எங்கள் பெரியவர்கள் அந்தக் கசப்பைக் கடைசிவரை மறக்கவில்லை. பிள்ளைகள் ஏதேனும் மருந்துக்கு அடம்பிடித்தால், "இதென்ன கொய்னாவா?" என்பார்கள்.

கொய்னாவுக்கும் ஜின்னுக்கும் உள்ள உறவு இங்கேதான் வருகிறது. அந்தக் கசப்பை விழுங்க வெள்ளைக்காரர்கள் சோடாவும் சீனியும் சேர்த்தார்கள். அப்படி ஒரு கலவைக்கு லண்டனில் 1858-இல் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் காப்புரிமை வாங்கினார். டானிக் தண்ணீர் கடைக்கு வந்தது. அதில் ஜின்னை ஊற்றியதும் அது மருந்தா மதுவா என்று பிரிக்க முடியாமல் போயிற்று. மலாயாவின் துரைமார்களுக்கு இன்னொன்றும் பிடித்திருந்தது. ஜின்னில் அங்கஸ்துரா என்ற கசப்புச் சாற்றைச் சில துளிகள் விட்டுக் குடிப்பார்கள். அதற்கு 'ஜின் பாஹிட்' என்று பெயர். பாஹிட் என்றால் மலாய் மொழியில் கசப்பு. 1884-இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப் போன்ற இடங்களில் மாலை நேரத்தை இந்தக் கசப்புதான் திறந்து வைத்தது.

ஜின்னும் டானிக்கும் குடித்ததால் துரைமார்கள் மலேரியாவிலிருந்து தப்பினார்கள் என்று இன்றும் மதுக்கூடங்களில் கதை சொல்வார்கள். கணக்குப் போட்டால் அந்தக் கதை நிற்காது. மலேரியாவுக்குப் பெரியவர் ஒருவருக்குத் தரும் கொய்னா ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1800 மில்லிகிராம். இன்றைய டானிக்கில் ஒரு லிட்டருக்கு 83 மில்லிகிராம் வரைதான் போடலாம் என்கிறது அமெரிக்கச் சட்டம். மருந்தின் அளவை டானிக்கில் தேடினால் ஒரே நாளில் இருபது லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். போர்ட் சுவெட்டன்ஹாமைக் காப்பாற்றியது கிண்ணம் அன்று. மண்வெட்டி பிடித்து வடிகால் வெட்டிய கைகள் அதைக் காப்பாற்றின.

கள்ளு: கொடுத்ததும் கேட்டதும்

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களுக்குத் தோட்டத்தில் வேறொரு மது காத்திருந்தது. தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிப்பான பதநீர் சொட்டும். காற்றிலுள்ள ஈஸ்ட் கலயத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் நாலைந்து சதவிகிதம் ஆல்கஹாலாகிவிடும். மறுநாள் வைத்தால் புளித்துக் காடியாகும். தேதி எழுத வேண்டிய அவசியமே இல்லாத மது. வாயில் வைத்தாலே அதன் வயது தெரியும்.

கள்ளு கெட்டதா நல்லதா என்பதைவிட, அதை விற்ற இடம்தான் பெரிய கேள்வி. அரசு உரிமத்தோடு தோட்டத்திலேயே கள்ளுக்கடை நடந்தது. காலையில் கூலி கொடுத்த இடமே மாலையில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. துரை கிளப்பில் எதைக் குடிப்பது என்று தேர்ந்தெடுத்துக் குடித்தார். தாத்தாவுக்கு இருந்த தேர்வு, கடைக்குப் போவதா வேண்டாமா என்பது மட்டுமே. நாள் முழுக்க மரம் வெட்டிப் பால் சுமந்த உடம்புக்கு அது அவ்வளவு சுலபமான தேர்வும் அன்று.

இதை அரசியலாகப் பார்த்தது இதே கிள்ளான் வட்டாரம். 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பின்னால் தோட்டத் தொழிலாளர்கள் திரண்டார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்றார்கள். அதே பட்டியலில், கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. மே 5 அன்று நாதன் கைதானார். வேலைநிறுத்தம் பரவியது, படை வந்தது, சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். சம்பளம், மரியாதை, கள்ளு என்ற மூன்றையும் ஒரே மூச்சில் பேசிய அந்தப் பட்டியலை நினைக்கும்போதெல்லாம், அதை எழுதியவர்களின் தெளிவு என்னை வியக்க வைக்கிறது. போர் முடிந்து 1947 வாக்கில் கெடாவின் பீடோங் பக்கம் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தபோதும் இதே நெருப்புதான் எரிந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்கள் காலியாகின. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆட்கள் நகர்ந்தார்கள். கள்ளு பின்வாங்க, மளிகைக் கடை அலமாரியில் சம்சு வந்து உட்கார்ந்தது. சீனர்களின் அரிசிச் சாராயத்துக்கு வழங்கிய பெயர், காலப்போக்கில் மலிவான எல்லாச் சாராயத்துக்கும் பொதுப் பெயராகிவிட்டது. சட்டைப் பையில் அடங்கும் சிறிய போத்தல். ஒரு மங்கு கள்ளில் ஏறுவதைவிடப் பல மடங்கு போதை, பல மடங்கு வேகத்தில். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் சம்சுவுக்கு எதிராகக் குரல் கொடுத்தது. கள்ளின் வயதை நாக்கு சொல்லும். சம்சுவைப் பற்றி நாக்கால் எதையும் சொல்ல முடியாது.

வாலையும் வாசமும்

அக்காள் மகன் கொண்டுவந்த போத்தலுக்கு வருகிறேன். "இது எப்படிச் செய்றாங்கன்னு உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லட்டுமா மாமா?" என்று கேட்டான். அவன் சொன்னதை நான் நமக்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துப் புரிந்துகொண்டேன். ஓமத் தீநீர் எப்படி இறக்குகிறார்கள்? ஓமத்தைத் தண்ணீரில் போட்டு, வாலையில் ஏற்றிக் கொதிக்க வைத்து, எழும் ஆவியைக் குளிர வைத்துப் பிடிக்கிறார்கள். தண்ணீரின் இடத்தில் சாராயத்தையும், ஓமத்தின் இடத்தில் ஜூனிப்பர் என்ற காயையும் வைத்தால் ஜின்.

முதலில் வேண்டியது வாசமே இல்லாத சுத்தமான சாராயம். தானியத்தையோ கரும்புப் பாகையோ புளிக்க வைத்து, உயரமான தூண் போன்ற கலத்தில் 96 சதவிகிதம் வரை வடித்தெடுக்கிறார்கள். ஓவியனுக்கு வெள்ளைத் துணி மாதிரி அது. பிறகு அதில் தண்ணீர் விட்டுக் குறைத்து, வாசப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். ஜூனிப்பர் காய் குளிர்ப் பிரதேசத்து ஊசியிலைச் செடியில் காய்ப்பது. பழம் போலத் தோன்றினாலும் தாவரக் கணக்கில் அது சதைப்பற்றான கூம்பு. முற்றிக் கறுக்க இரண்டு, மூன்று வருசமாகும். அம்மா சொன்ன 'பச்சப் பலகைய இழைச்ச' வாசம் அதனுடையதுதான். அதன் எண்ணெயிலுள்ள பைனீன், பைன் மரத்திலும் இருக்கும் பொருள்.

ஜூனிப்பருக்கு அடுத்தது அநேகமாகக் கொத்தமல்லி விதை. பிறகு ஏஞ்சலிகா வேர், அதிமதுரம், ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல், ஏலக்காய், பட்டை. டாங்கரே என்ற புகழ்பெற்ற ஜின்னில் ஜூனிப்பர், கொத்தமல்லி, ஏஞ்சலிகா, அதிமதுரம் என்று நான்கே பொருட்கள். பாம்பே சஃபையரில் பத்து. அதில் வால்மிளகும் உண்டு. நம் அஞ்சறைப் பெட்டியையும் நாட்டு மருந்துக் கடையையும் பாதி பாதியாகக் கலந்த பட்டியல்தான். இந்த வாசங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன வெள்ளைக்காரன், போத்தலில் அடைத்துத் திரும்ப நம் பக்கமே அனுப்பினான்.

அந்த வட்டத்தை உடைத்த கதை ஒன்று கொழும்பில் உண்டு. இரண்டாம் உலகப்போரில் கப்பல் வரத்து தடைபட்டு, வழக்கமான வாசப்பொருட்கள் கிடைக்காமல் போனபோது, ராக்லேண்ட் வடிப்பாலையின் கார்ல் டி சில்வா விஜேரத்ன உள்ளூர்ப் பொருட்களை நாடினார். இன்று அந்த வழியில் வரும் கொழும்பு ஜின்னின் ஏழு பொருட்களில் கறுவாப்பட்டையும் இஞ்சியும் கறிவேப்பிலையும் உண்டு. இந்தியாவிலும் 2017 முதல் கோவாவை மையமாக வைத்துச் சிறிய ஜின் வடிப்பாலைகள் கிளம்பின. அப்படி வந்த ஜின்களில் ஒன்றின் பெயர் ஹபுஷா. ஜூனிப்பருக்கு வடமொழியில் உள்ள பெயரே அதுதான். இமயமலை ஜூனிப்பரை அதில் பயன்படுத்துகிறார்கள்.

வடிக்கும்போது எல்லா வாசமும் ஒரே நேரத்தில் வராது. எலுமிச்சைத் தோலின் மெல்லிய வாசம் முதலில் கிளம்பும். நடுவில் ஜூனிப்பரும் கொத்தமல்லியும். வேர்களின் மண்வாசம் கடைசியில். முதலில் வருவதைத் தலை என்றும் கடைசியில் வருவதை வால் என்றும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். எந்த நொடியில் வெட்டுவது என்பதுதான் வடிப்பவரின் கைப்பக்குவம். தாளிக்கும்போது கடுகு வெடித்து உளுந்து சிவக்கும் அந்த நொடியை அம்மா எப்படிக் கணக்குப் பார்க்காமலே பிடிக்கிறாரோ, அதைப் போல.

லண்டன் ஜின் என்பது ஊரின் பெயரன்று, செய்முறையின் பெயர். எங்கேயும் செய்யலாம். ஆனால் ஐரோப்பியச் சட்டப்படி வாசம் முழுவதும் வடிக்கும்போதே ஏற வேண்டும். பிறகு எசன்ஸ் ஊற்றக்கூடாது, சாயம் கூடாது, சீனி லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் கூடாது, ஆல்கஹால் 37.5 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. இதற்கு எடுக்கும் மூலச் சாராயத்தில் மெத்தனால் இருக்கும் அளவுக்கும் எல்லை உண்டு. 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 5 கிராம். அந்த எண்ணை மனத்தில் வைத்திருங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இனி ஜின்னைத் தரம் பார்க்கும் விதம். பெயர் தெரியாமல் எண் மட்டும் ஒட்டிய கிண்ணங்களில் நடுவர்கள் முகர்கிறார்கள். பனிக்கட்டி கிடையாது, குளிரில் வாசம் ஒளிந்துகொள்ளும். தண்ணீர் கொஞ்சம் விட்டுக் காரத்தைத் தணித்து மறுபடி முகர்வார்கள். சில ஜின் அப்போது லேசாகப் பால் போலக் கலங்கும். ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய், தண்ணீர் கூடியதும் பிரிந்து மிதப்பது அது. கெட்டுப்போனதற்கு அடையாளமன்று. ஜூனிப்பர் முன்னே நிற்கிறதா, மற்ற வாசங்கள் அதனோடு ஒத்துப்போகின்றனவா, விழுங்கிய பிறகு நாக்கில் என்ன தங்குகிறது, தொண்டை எரிச்சல் மட்டும்தான் மிச்சமா என்று பார்ப்பார்கள். டானிக் கலந்து கடைசியாக ஒரு முறை. அந்தக் கசப்பிலும் இனிப்பிலும் மூழ்கிப் போகிற ஜின் தேறாது.

"குடிக்கிறதவிட மோந்து பாக்கிறதுதான் எங்களுக்கு வேல, மாமா. நாலு வாய்க்கு ஒரு வாய்தான் முழுங்குவோம், மிச்சத்தத் துப்பிருவோம்" என்றான். தாத்தாவின் பேத்தியின் மகன், சம்பளத்துக்காக மதுவைத் துப்புகிறான். காலம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

எழுதியிருப்பதும் எழுதாததும்

மாற்றத்தைப் பாராட்டி இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் 2018 செப்டம்பரில் நம் சிலாங்கூரில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அம்மாவின் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னவனாக மாட்டேன். மலிவு விலையில் வாங்கிய போலி மதுவைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் என்று பிழைக்க வந்தவர்களே அவர்களில் மிகப் பலர். காரணம் மெத்தனால்.

மெத்தனால் பார்க்கவும் முகரவும் நல்ல சாராயம் போலவேதான் இருக்கும். போதையும் ஏறும். பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள்கூட ஒன்றும் தெரியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கண் மங்குதல் எல்லாம் வரும். 10 மில்லிலிட்டர் கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லிலிட்டர் உயிரையே பறிக்கலாம். சீக்கிரம் மருத்துவமனைக்குப் போனால் காப்பாற்ற வழியுண்டு. அங்கே கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது நல்ல சாராயத்தின் உயிர்ப்பொருள். 100 லிட்டருக்கு 5 கிராம் என்று அளந்து விற்கும் போத்தலும் இந்த நாட்டில் உண்டு, அளவே இல்லாத போத்தலும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது விலைச்சீட்டு மட்டும்தான்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18-இலிருந்து 21 ஆயிற்று. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை மலாய் மொழியில் போத்தலில் ஏறியது. மளிகைக் கடைகளில் சாராய வகைகளை விற்கக் கூடாது என்று கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2020 நவம்பரில் அறிவித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எச்சரிக்கையைப் படிக்க மொழி வேண்டும். நல்ல போத்தலை வாங்கக் காசு வேண்டும். ஜின்னைப் பகுத்துப் பார்க்கும் கல்வி இன்று எங்கள் வீட்டுப் பையனுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கல்வி யாருடைய உயிரைக் காக்குமோ, அவரிடம் போய்ச் சேரவில்லை.

தீபாவளி முடிந்து பையனை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு கடையில் பால் வாங்க நின்றேன். துறைமுக வேலைச் சட்டையில் ஓர் இளைஞன் எனக்கு முன்னால். முகத்தையும் பேச்சையும் வைத்து நேப்பாளி என்று நினைத்தேன். கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் கீழ்த்தட்டில் இருந்த போத்தலை விரலால் காட்டினான். எடுத்துக் கொடுத்ததும் அவன் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. விலையை மட்டும் விரலில் எண்ணிக் கேட்டு, காசைக் கொடுத்துவிட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்றார். அவன் மொழி எனக்குத் தெரியாதே என்றேன்.

"எங்கப்பா பேசுனதுகூடத்தான் அந்தக் காலத்துத் துரைக்குத் தெரியாது" என்றார் அம்மா.